கல்லறைக் கல்லும் தமிழ் வரலாறும்

திருச்சுழிக்கு அருகே, குண்டாற்றின் கரையில், பள்ளிமடம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள சிவன் கோயிலைப் பழங்கல்வெட்டுகள் சுந்தரபாண்டிய ஈச்சுவரம் என்னும் பள்ளிப்படையாகக் குறிக்கின்றன. பள்ளிப்படை என்பது இறந்த மன்னனின் நினைவாக எழுப்பப்படும் கோயில். பாண்டிய மரபினன் ஒருவனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த நினைவுச் சின்னம், காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று விரியும் இந்த வானம் பார்த்த பூமியில் இன்றும் நிற்கிறது. மழை பொய்த்தாலும் கல் பொய்க்கவில்லை.

மன்னனுக்குப் பள்ளிப்படை எடுத்த தமிழர், வீரனுக்கு நடுகல் எடுத்தனர். கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, பெயர் பொறித்து, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அது வெறும் இலக்கண விதியன்று என்பதற்கு 2006-ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது. வைகைச் சமவெளியில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டன. ஆநிரைப் பூசலில் மாண்டவனின் பெயரும் ஊரும் அவற்றில் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சாதாரண வீரன் ஒருவனின் பெயரைக் கல்லில் எழுதி வைத்த சமுதாயம் இது.

ஆனால், அவ்வீரனைப் பாடிய புலவனுக்குக் கல் எடுத்தார் உண்டா? இவ்வினாவை எழுப்பும்போதுதான் தமிழ் இலக்கிய வரலாற்றின் பெருங்குறை ஒன்று புலப்படுகிறது.

நாளற்ற சமாதி

சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி என வழங்கும் இடம் இருக்கிறது. காரைக்குடியில் சா.கணேசன் 1939-ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பன் திருநாள், பங்குனி அத்தத்தன்று அச்சமாதியில் நிறைவுறுவது மரபு. ஆயினும், கம்பன் ஒன்பதாம் நூற்றாண்டினனா, பன்னிரண்டாம் நூற்றாண்டினனா என்னும் வழக்கு அறிஞரிடையே நெடுங்காலம் நடந்தது. இடம் இருக்கிறது; நாள் இல்லை. மக்கள் மதிப்பு இருக்கிறது, ஆவணம் இல்லை.

கீழக்கரையில் அடங்கியுள்ள வள்ளல் சீதக்காதியைப் பற்றி, அவர் மறைந்த பின் வந்த புலவர் கல்லறையின் முன் நின்று பாட, கல்லறையினின்றும் கை நீண்டு மோதிரம் அளித்ததாக ஒரு கதை வழங்குகிறது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்னும் பழமொழியை அறியாத தமிழர் அரியர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் அருப்புக்கோட்டைக்குத் தொலைவிலல்லாத எட்டயபுரத்தில் இருக்கிறது. சமாதிகளை இந்த மண் மறந்துவிடவில்லை. அவற்றை வணங்கியது, அவற்றைச் சுற்றிக் கதை புனைந்தது. ஆண்டையும் நாளையும் மட்டும் எழுதி வைக்க மறந்தது.

அந்த வழக்கத்தைத் தமிழ்நாட்டில் வேறொரு வகையான நிலம் காத்து வந்தது. அது தேவாலய முற்றம்.

பதிவேடு என்னும் வழக்கம்

ஐரோப்பியச் சிற்றூர்களில் தேவாலய முற்றம் இலக்கிய வரலாற்றின் ஓர் ஏடாகவே விளங்குவதைக் காணலாம். சுவீடன் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1909-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற செல்மா லாகர்லோஃப், 1940-இல் மறைந்தபின், தாம் பிறந்த வட்டாரத்திலேயே ஓஸ்த்ரா எம்தர்விக் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஓவியர் கார்ல் லார்சன் 1919-ஆம் ஆண்டு முதல் சுண்ட்போர்னிலும், ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1920-ஆம் ஆண்டு முதல் மூராவிலும் துயில்கின்றனர். மறைந்த பின் 1931-இல் நோபல் பரிசு அளிக்கப்பெற்ற கவிஞர் கார்ல்ஃபெல்ட் ஃபோல்கார்னாவில் அடங்கியிருக்கிறார். தலைநகரின் பெருங்கல்லறைத் தோட்டங்களை நாடாமல், தாம் எழுதிய மண்ணிலும் தீட்டிய மண்ணிலும் இவர்கள் அடங்கினர். உழவரின் கல்லறைகளுக்கு நடுவே இவர்களின் கல்லறைகளும் உள்ளன.

இது கலைஞரைப் போற்றும் பண்பினால் மட்டும் நிகழ்ந்ததன்று. சுவீடனின் 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஒவ்வொரு பங்குக் குருவும் ஏட்டில் பதிய வேண்டும் என விதித்தது. கவிஞனுக்கென்று தனி ஏடு அங்கில்லை. எல்லோருக்கும் ஏடு இருந்தது. ஆகவே கவிஞனும் அதில் இடம்பெற்றான். கவிஞரைத் தனியே தேடிப் போற்றுவதைக் காட்டிலும், ஊரார் அனைவரையும் பதிந்து வைப்பதே வரலாற்றுக்குப் பெருந்துணை என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டுத் தேவாலயங்களும் இவ்வழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தன. அவற்றின் முற்றங்களில் தமிழுக்குத் தொண்டு செய்த சிலர் நாளும் ஆண்டும் பொறித்த கற்களின் கீழ் அடங்கியுள்ளனர்.

தரங்கம்பாடியும் தஞ்சையும்

செர்மானியராகிய சீகன்பால்கு, டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பட்டு 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக் கடற்கரையில் இறங்கினார். இரண்டே ஆண்டுகளில், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றும் எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறி முடிந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். மறு ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் தமது 36-ஆம் வயதில் மறைந்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடன் உழைத்த கிரௌண்டலரும் அடுத்த ஆண்டில் மறைந்து அங்கேயே அடங்கினார்.

இத்தரங்கம்பாடிக்கும் முன்னர்க் கண்ட சுவீடனுக்கும் பிற்காலத்தில் ஓர் உறவு ஏற்பட்டது. முதல் உலகப் போரில் செர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, அவர்களின் சபைகளைச் சுவீடன் திருச்சபையார் கவனித்துக்கொண்டனர். 1919-இல் தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் முதல் பேராயராக 1921-இல் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் ஹியூமன் சுவீடன் நாட்டவர். "தரங்கைப் பேராயர்" என்பதே அவர் ஏற்ற பட்டம்.

சீகன்பால்குவுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தவர் திண்ணைப் பள்ளி நடத்திய முதியவர் ஒருவர். மொழிபெயர்ப்பாளராக இருந்து மொழியின் நுட்பத்தை உணர்த்தியவர் அழகப்பன். செர்மனிக்குச் சென்ற கடிதங்களில் இவர்களைப் பற்றிய செய்திகள் உள்ளன. மாணவரின் மறைவு நாளைக் கல் உரைக்கிறது. ஆசிரியரைப் பற்றி அக்கல் ஒன்றும் உரைப்பதில்லை. தேவாலய முற்றம் காத்துத் தந்ததன் எல்லையும் இதுவே.

தஞ்சையில் நிகழ்ந்தது சற்று வேறானது. 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் மறைந்த சுவார்ட்சு பாதிரியாரைத் தந்தையெனப் போற்றியவர் இரண்டாம் சரபோசி மன்னர். அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரை மன்னர் காணும் காட்சி அதில் உள்ளது. கல்லறைக் கல்லுக்குரிய ஆங்கிலக் கவிதையையும் சரபோசி தாமே இயற்றினார். அன்னிய மதத்தவரின் கல்லறைக்கு இந்து மன்னர் ஒருவர் இரங்கற்பா எழுதியது அருமையான நிகழ்ச்சி. கையறுநிலை பாடும் தமிழ் மரபும் கல்லில் பெயர் பொறிக்கும் மேலை மரபும் அங்கு ஒன்றையொன்று தழுவின எனலாம்.

அதே சுவார்ட்சினால் பன்னிரண்டு வயதில் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவரப்பட்டு வளர்க்கப்பெற்றவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பிறந்து 1864-இல் தஞ்சையில் மறைந்த அவர், சரபோசியின் ஆதரவும் பெற்றவர். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அவர் காலத்துத் தமிழ்ப் புலவர் பலருக்கு நூற்றாண்டைக் கணிப்பதே அரிதாயிருக்க, இவருக்குப் பிறந்த நாளும் மறைந்த நாளும் ஐயமின்றிக் கிடைக்கின்றன. ஏட்டில் பதியும் சமூகத்தில் வாழ்ந்ததே இதற்குக் காரணம்.

இடையன்குடியும் இராமநாதபுரமும்

தெற்கே தேரிக்காட்டில், இடையன்குடியில், கால்டுவெல் ஐயர் அடங்கியுள்ளார். 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் இடையன்குடியில் குடியேறிய அவர், அச்செம்மண்ணிலேயே அரைநூற்றாண்டு வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது. உடலோ மலையினின்றும் இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு கொண்டுசெல்லப்பட்டு, இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயத்தின் பீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த நாட்டை விடுத்து, உழைத்த ஊரைத் தம் ஊராகக் கொண்டவர் அவர்.

கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816-இல், தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பம் என்பதைச் சான்றுகளுடன் எழுதியவர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். கேம்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில் அக்கருத்து இடம்பெற்றது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை 1812-இல் உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து விரிவுரையும் எழுதினார். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது 27 கிணறுகள் தோண்டச் செய்து, 1818-இல் இராயப்பேட்டைக் கிணறொன்றில் குறளை எடுத்துக்காட்டிக் கல்வெட்டும் பொறித்தார். தண்ணீரின் அருமையை அறிந்த கரிசல் மக்கள் அவரை மறத்தல் கூடாது.

மறத்தல் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எல்லிஸ் மறைந்தது இராமநாதபுரத்தில். 1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும் வரை காரியாபட்டியும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. இந்நாட்டு மக்களுடன் நெருங்கிப் பழகி அவர்களின் அன்பைப் பெற்றவர் என அவரது கல்லறைக் கல் அவரைப் புகழ்கிறது.

கல் காக்கப்பட்டது, தாள்கள் காக்கப்படவில்லை. நாற்பது வயதுவரை எதையும் வெளியிடுவதில்லை என்று உறுதிகொண்டிருந்த அவர் நாற்பதைக் கடந்த சில காலத்திலேயே மறைந்தார். அவர் உடைமைகள் ஏலம் போயின. எழுதிக் குவித்திருந்த தாள்களோ சமையற்காரரின் கையில் சிக்கி, மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்னும் செய்தியை, பின்னாளில் அவருடைய எழுத்துகளைத் தேடியலைந்த வால்டர் எலியட் குறித்து வைத்தார். ஒரு மொழிக் குடும்பத்தின் வரலாற்றை நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே விரித்துரைத்திருக்கக்கூடிய ஏடுகள் ஒரு வீட்டின் அடுப்பில் சாம்பலாயின. கல் நாளைக் காக்கும். எழுத்தைக் காக்க மனிதர் வேண்டும்.

எல்லிஸ் தம் வாழ்நாளில் பிறருக்காக அக்காவலைச் செய்தவர். கல்லூரியைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளையை 1816-இல் அனுப்பி வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடச் செய்தார். அம்முயற்சியின் பயனாக 1822-இல் முத்துசாமிப் பிள்ளை வீரமாமுனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தும், கேட்டும் தேடியும் எழுதப்பட்ட அந்நூல் பின்வந்தோர்க்கெல்லாம் மூலமாயிற்று.

ஆக்சுபோர்டுக் கல் உரைப்பது

தப்பிப் பிழைத்த எல்லிசின் தாள்கள் சில வால்டர் எலியட்டின் கைக்கு வந்து, அவரிடமிருந்து ஜி.யு.போப்பை அடைந்தன. போப் அவற்றை ஆக்சுபோர்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் சேர்த்தார். இராமநாதபுரத்தில் அறுந்த இழை ஆக்சுபோர்டில் முடிச்சிடப்பட்டது.

1820-இல் கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்து, 1839-இல் தமிழகம் வந்து, சாயர்புரம், தஞ்சை, உதகை எனப் பல ஊர்களில் பணியாற்றியவர் போப். திருக்குறளை 1886-இலும், நாலடியாரை 1893-இலும், திருவாசகத்தை 1900-ஆம் ஆண்டு தம் எண்பதாம் பிறந்தநாளிலும் ஆங்கிலத்தில் தந்தார். முதுமையில் திருவாசகப் பணியைத் தொடங்கத் தயங்கிய அவரை, பெரும்பணி ஒன்று கையில் இருப்பதே நெடுநாள் வாழும் வழி என ஊக்கியவர் பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட். 1893-இல் மறைந்த ஜோவெட்டும், 1908-இல் மறைந்த போப்பும் ஆக்சுபோர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலேயே அடங்கியுள்ளனர்.

போப்பின் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று பொறிக்கப்பட்டிருப்பதாகத் தமிழ் மேடைகளில் முழங்கக் கேட்டிருப்போர் பலர். பாடநூல்களிலும் மலர்களிலும் இச்செய்தி இடம்பெற்றதுண்டு. கல்லிலோ அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்பதும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் பயிற்றியவர் என்பதும் அதில் உள்ளன. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவரது வாழ்நாள் உழைப்பைப் போற்றி அக்கல்லை நிறுவினர் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது.

கதை இனிது என்பதில் ஐயமில்லை. ஆனால், உண்மை அதனினும் பெருமை உடையது. மாணவன் என்பது போப்பின் பணிவை மட்டுமே காட்டும். தமிழ் நண்பர்கள் நிறுவிய கல் என்பதோ தமிழரின் நன்றியைக் காட்டுகிறது. கடல் கடந்து ஒருவரின் கல்லறைக்குப் பொருள் திரட்டி அனுப்பிய தமிழர் அன்று இருந்தனர். புனைந்த தொடரை நாம் போற்றி வந்ததால், அத்தமிழர் செய்த செயல் மறைந்து போயிற்று. வரலாற்றில் கதை புகும்போது இழப்பு நேர்வது பெரும்பாலும் நம் பக்கத்திலேயே.

இம்மண்ணின் கடன்

இறந்த நாளைப் பதியும் வழக்கம் சட்டமாகவும் நம் நாட்டிற்கு வந்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் விரும்புவோர் பதிய வழி செய்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆயினும் பதிவேட்டில் இருப்பது வேறு. மக்கள் நினைவில் இருப்பது வேறு. எட்டயபுரம் ஈன்ற பாரதி சென்னையில் மறைந்தது 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவைக் கடந்த பின்னர். மாநகராட்சிப் பதிவு 12-ஆம் நாள் என்கிறது. நினைவு விழாக்களோ நெடுங்காலமாக 11-ஆம் நாளிலேயே நிகழ்ந்தன. அரசு 2021-இல் மகாகவி நாளாக அறிவித்ததும் 11-ஆம் நாளையே. கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் எரியூட்டப்பட்ட அக்கவிஞருக்குக் கல்லறை இல்லை. ஆகவே நாளைச் சொல்லக் கல்லும் இல்லை. நூறாண்டுக்கு முன் மறைந்த மகாகவிக்கே இந்நிலை எனில், சிற்றூர்ப் புலவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தத்தின் குறுநில மன்னர் பாண்டித்துரைத் தேவர் இக்குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு தொடங்கிய அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ், புலவர் வரலாறுகளையும் கால ஆராய்ச்சியையும் அச்சில் ஏற்றியது. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். இந்த வறண்ட நாட்டினின்றும் எழுந்த ஒருவர், புலவர்க்குக் கல் எடுப்பதற்கு மாறாக ஏடு எடுத்தார் எனக் கொள்ளலாம்.

அப்பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. காரியாபட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் கும்மியும் சிந்தும் கட்டியவர்கள், ஒப்பாரியில் ஒரு தலைமுறையின் துயரையே பாடியவர்கள், கோயில் கொடைக்கு ஆண்டுதோறும் கூத்து எழுதித் தந்தவர்கள் வாழ்ந்து மறைந்துள்ளனர். அவர்களின் நோட்டுப் புத்தகங்கள் பரண்களில் கிடக்கின்றன. சில, எல்லிசின் தாள்களைப் போல அடுப்படிக்கும் சென்றிருக்கும். பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்திற்கு இதனினும் அணுக்கமான கடமை வேறில்லை. பெரும்பொருள் இதற்கு வேண்டுவதில்லை. ஓர் ஏடு போதும். மறைந்த ஒவ்வொரு பாட்டாளரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, மறைந்த நாள், எழுதியவை, அவை இப்போது யார் வீட்டில் உள்ளன என்பனவற்றை, முதியோர் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடலாம். கேட்டதைக் கேட்டபடியும், கண்டதைக் கண்டபடியும் பிரித்து எழுதினால், பின்வருவோர் கதையையும் உண்மையையும் மயங்காமல் அறிவர்.

அவ்வேட்டில் இன்னொரு வரியும் இடம்பெறுதல் வேண்டும்: அவர்க்குத் தமிழ் கற்பித்தவர் யார் என்பது. தரங்கம்பாடியிலும் இராமநாதபுரத்திலும் ஆக்சுபோர்டிலும் உள்ள கற்களில் எழுதப்படாமல் விடுபட்ட வரி அது. திண்ணையில் மணலைப் பரப்பி எழுத்தறிவித்தவரின் பெயரை எழுதும் வாய்ப்பு, அவரை அறிந்த ஊராருக்கே உண்டு.